மறு: மல்ச்சர் பல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இழை தொடங்கிய நாளிலிருந்து படித்துவருகிறேன். மல்ச்சர் என்பது புதரையும் சிறுமரங்களையும் நின்ற இடத்திலேயே நொறுக்கி மண்மேல் பரப்பும் இயந்திரம். அதன் சுழலும் உருளைமேல் வரிசையாகப் பூட்டியிருக்கும் பொருளுக்குத்தான் பெயர் தேடுகிறோம். இதுவரை வெட்டுக்கத்தி, உளிப்பல், அரைப்பல், சிதைப்பலகு என்று நான்கு வந்திருக்கின்றன. நான்குமே அங்கே இருப்பது ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகின்றன. இருப்பதோ இரண்டு. எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் இயந்திரத்துக்குப் பராமரிப்புக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எல்லா இடத்திலும் ‘கத்தி’ என்றே போட்டேன். ‘கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கவும்’ என்று ஒரு வரி. அந்த இயந்திரத்தில் இருந்தவை டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்கள். ஓட்டுநர் நான் எழுதியதை நம்பி, சாதாரணச் சாணைக்கல்லில் அவற்றைத் தீட்டியிருக்கிறார். கல்தான் தேய்ந்தது, கார்பைடு அசையவில்லை. ஆனால் சூடு ஏறி முனைகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிட்டது. மறுநாள் வேலையில் முனைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து போயின. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. கத்தி என்றால் யாரும் தீட்டத்தான் செய்வார்கள். தவறு என் சொல்லில் இருந்தது.

சரி, அந்த இரண்டும் எவை?

முதலாவது, கூர்விளிம்பு உள்ள எஃகுப் பல். மரத்தை உண்மையிலேயே வெட்டுகிறது. குறைந்த ஆற்றலில் வேகமாக வேலை நடக்கும், விழும் சில்லும் சிறிதாகச் சீராக இருக்கும். ஆனால் கல்லில் ஒருமுறை பட்டாலே விளிம்பு மடங்கிவிடும் அல்லது உடைந்து பள்ளம் விழும். அடிக்கடி தீட்ட வேண்டும். பலவற்றில் இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும். ஒன்று மழுங்கினால் திருப்பிப் போட்டு அடுத்ததைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, கார்பைடு முனை பதித்த மொட்டைப் பல். இது வெட்டுவதில்லை. சுத்தியல்போல அடித்து நொறுக்குகிறது. அதே மரத்துக்குக் கூடுதல் ஆற்றல் கேட்கும், தூளும் கரடாக விழும். ஆனால் மண்ணும் சரளையும் கலந்த இடத்தில் நாள்கணக்கில் தாங்கும். இதை வேலையிடத்தில் தீட்டுவதே இல்லை. தேய்ந்தால், உடைந்தால் மாற்றுவதுதான்.

ஆகவே தேர்வு என்பது பெரும்பாலும் தரையைப் பார்த்துச் செய்வது. தரைக்கு மேலேயே நிற்கும் மரமும் புதரும் என்றால் முதல் வகை. கல் நிறைந்த தரையை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ வேலை என்றால் இரண்டாம் வகை. இயந்திரத்தின் திறன் குறைவு என்றால் முதல் வகைக்கு இன்னும் சற்றுச் சாய்வேன். மொட்டைப் பல்லைப் பூட்டிவிட்டு உருளை திணறுகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

என் பரிந்துரை: முதலாவது வெட்டுப்பல், இரண்டாவது இடிபல். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் ‘பல்’ போதும். ரம்பத்துக்கும் சக்கரத்துக்கும் பல் உண்டு என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அது தடையின்றிப் பொருந்தும். ‘சிதைப்பலகு’ என்பதில் வரும் அலகு என்ற சொல் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் இன்றைக்கு அலகு என்றதும் மீட்டரும் கிலோகிராமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘20 அலகுகள்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

இந்தப் பரிந்துரைக்கு எழக்கூடிய இரண்டு கேள்விகளையும் பார்த்துவிடலாம்.

> வெட்டுப்பல் என்பது ஏற்கெனவே உயிரியல் பாடநூலில் முன்பல்லுக்கு இருக்கிறதே?

இருக்கிறது, இருக்கட்டும். வாயில் இருப்பதா, உருளையில் இருப்பதா என்று எந்த வாசகரும் குழம்பப் போவதில்லை. சொல்லப்போனால் அது எனக்குத் துணையாகவே வருகிறது. முன்பல் வெட்டும், கடைவாய்ப்பல் நொறுக்கும் என்று பள்ளியில் படித்தவருக்கு இந்த இரண்டு வகையை விளக்க அரை நிமிடம் போதும்.

> வெட்டுப்பல்லில் ப் வருகிறது, இடிபல்லில் வரவில்லை. ஒரே சீராக வேண்டாமா?

நல்ல கேள்வி. ‘வெட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம். பெயராக நின்று பல்லோடு சேரும்போது ப் மிகுவது இயல்பு. வினைத்தொகை என்று கொண்டு ‘வெட்டுபல்’ என எழுதலாம், ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள், ப் தானாக ஒட்டிக்கொள்கிறது. இடிபல், குடிநீர்போல வினைத்தொகை: இடித்த, இடிக்கின்ற, இடிக்கும் பல். அங்கே ப் போட்டு ‘இடிப்பல்’ என்றால் வானத்து இடியைப் பிரித்தெடுக்க வழி கிடைத்துவிடும். எழுத்தில் சீர் கலைந்தாலும் காதுக்குச் சரியாக இருக்கிறது, பொருளும் சிதறவில்லை. எனக்கு அது போதும்.

அடுத்து, பல்லைப் பிடித்திருக்கும் எஃகுக் கட்டை. உருளையில் வெல்டிங் செய்யப்பட்டது, இதன்மேல்தான் பல் போல்ட்டால் பூட்டப்படுகிறது. ‘ஈறு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான கற்பனை, படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் ‘ஈறு தேய்ந்துள்ளதா எனப் பார்க்கவும்’ என்று குறிப்பேட்டில் எழுத எனக்குத் துணிவில்லை. ‘பல் தாங்கி’யைச் சேர்த்து எழுதினால் பற்றாங்கி ஆகிவிடும், பல்லே காணாமல் போகும். ‘பல்லேந்தி’ எப்படி? புணர்ச்சியிலும் பல் முழுதாகத் தெரிகிறது. போல்ட்டைப் போல்ட் என்றே விடலாம் என்பது என் கருத்து. கையில் கருவியோடு நிற்பவருக்கு அந்தச் சொல் தமிழாகி நெடுங்காலம் ஆகிவிட்டது.

பல்லேந்திக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்: பல் விழுந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் அடுத்து அடிபடுவது அதுதான். பல்லை மாற்றப் பத்து நிமிடம். பல்லேந்தியை மாற்ற, பழையதை அறுத்தெடுத்துப் புதியதைத் துல்லியமாக வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்புறம் உருளையின் எடைச்சமனையும் சரிபார்க்க வேண்டும்.

இந்த எடைச்சமன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்லின் எடை 1 கிலோ, அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவு, நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பல் அப்போது நொடிக்கு ஏறத்தாழ 52 மீட்டர் வேகத்தில் போகிறது. அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 11,000 நியூட்டன், அதாவது ஒரு டன் எடையைவிட அதிகம். அந்த ஒரு பல் விழுந்தால் எதிர்ப்பக்கத்தின் இழுப்பை ஈடுகட்ட ஆளில்லை. அத்தனையும் பேரிங்மேல் விழும். பல் விழவே வேண்டியதில்லை, ஒன்று தேய்ந்து 50 கிராம் குறைந்தாலே 55 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் உதறும். அதனால்தான் ஒரு பல்லை மாற்றும்போது அதற்கு நேரெதிரே இருப்பதையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்த எதிர்ப்புறத்துப் பல்லை ‘இணைப்பல்’ என்று சொல்லலாமா? ‘பல்லை மாற்றும்போது இணைப்பல்லையும் மாற்றவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். வெட்டுப்பல்லையும் இடிபல்லையும் மனம்போனபடி கலந்து பூட்டக் கூடாது என்பதற்கும் இந்தக் கணக்கே காரணம்: இரண்டின் எடையும் ஒன்றல்ல.

பல் ஒரே கடியில் மிக ஆழமாக இறங்கி உருளை நின்றுவிடாமல் இருக்க, சில உருளைகளில் பற்களுக்கு நடுவே மேடான வளையங்கள் வைத்திருப்பார்கள். ‘கடிவாளம்’ என்ற பரிந்துரை பொருளால் கச்சிதம், ஆனால் குதிரையை விட்டு அந்தச் சொல்லை அவிழ்க்க முடியாது. ‘கடிவரம்பு’ என் தேர்வு. உருளையை மூடியிருக்கும் கூண்டின் உட்பக்கம் அசையாமல் இருக்கும் பட்டைக்கு ‘எதிர்க்கத்தி’ போதும், அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

பல் மழுங்கியதைக் கண்டறியும் பகுதிக்கு நாம் சொல் ஆக்கவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது. கூரான வெட்டுப்பல் தருவது சில்லு. மழுங்கிய பல் தருவது சிம்பு: நார்நாராகக் கிழிந்த மரம். ‘சில்லு விழுந்த இடத்தில் சிம்பு விழத் தொடங்கினால் பல்லைப் பாருங்கள்’ என்று சொன்னால் புது ஓட்டுநருக்கும் விளங்கும். உருளை திணறுவதும் எரிபொருள் கூடுவதும் அதற்குப் பிறகு தெரியவருபவை.

இயந்திரத்தின் பெயருக்கு ‘மூடாக்கு இயந்திரம்’ வேண்டாம் என்று நினைக்கிறேன். பாத்தியில் நெகிழித்தாள் விரிக்கும் கருவியையும் அப்படியே சொல்கிறார்கள். ‘புதர்நொறுக்கி’ எனக்கு ஒத்துவருகிறது, இதைவிடச் சிறந்தது வந்தால் மாற்றிக்கொள்வேன்.

பழைய குறிப்பேட்டை இந்தச் சொற்களை வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

“எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, உருளை முழுதாக நின்ற பிறகே கூண்டைத் திறக்கவும். நிறுத்திய பின்னும் உருளை சிறிது நேரம் சுற்றும். வெட்டுப்பல் மழுங்கியிருந்தால் அதன் பழைய சாய்வு மாறாமல் தீட்டவும். இடிபல்லைத் தீட்டக் கூடாது. முனை பெயர்ந்திருந்தால் இணைப்பல்லோடு சேர்த்து மாற்றவும். போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்கி, சில மணி நேரம் ஓட்டிய பின் மீண்டும் சரிபார்க்கவும்.”

இதில் ஒரு வரி மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. வெட்டுப்பல்லைக் கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்து, எஃகின் கடினம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ‘பதம் போய்விடும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கொல்லுலையில் இதற்கென்றே ஒரு சொல் புழங்கும் என்று தோன்றுகிறது. வீட்டில் பட்டறை உள்ளவர்கள், பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த வரியை அதற்காகவே விட்டுவைத்திருக்கிறேன்.