சுற்றுலாவும் காலநிலைத் தகவமைப்பும்: முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்தத் துறை?

வெண்பனி:
சுற்றுலா மேலாண்மையில் முதுகலை முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படித்துவருகிறேன். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) கட்டாயமானதையும், 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்ததையும் வைத்து, காலநிலைத் தகவமைப்பு குறித்து ஆய்வு செய்ய விரும்புகிறேன். நான் அணுகிய நெறியாளரோ இது காலநிலை ஆய்வே ஆகாது என்கிறார். தலைப்பை மாற்றுவதா, புவியியல் துறைக்கே போய்விடுவதா?

களப்பணியாளர்:
நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாகன வரம்பு மலையின் தாங்குதிறன் பற்றியது. வெப்பம் ஒரு டிகிரிகூட உயராவிட்டாலும் அந்த நெரிசல் இருந்திருக்கும். உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சுற்றுலாவால் வருகிறது என்று 2018இல் லென்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டார்கள். அது தணிப்பு, அதாவது வெளியேற்றத்தைக் குறைப்பது, சார்ந்த கேள்வி. காலநிலை ஒரு சுற்றுலாத் தலத்தை என்ன செய்கிறது, அங்கே பிழைப்பவர்கள் அதற்கேற்பத் தொழிலை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதே தகவமைப்பு.

1985இல் மியெச்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் வெப்பம், ஈரப்பதம், மழை, வெயில், காற்று ஆகியவற்றைக் கூட்டி ஒரு சுற்றுலாக் காலநிலைக் குறியீட்டை அமைத்தார். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை அவரே தீர்மானித்தார், பயணிகளைக் கேட்கவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. உதகைக்கு அதை அப்படியே பொருத்தினால் உதகையின் வானிலை மட்டுமே தெரியும். மே மாதத்தில் மக்களை மலையேற்றுவது சமவெளியின் வெக்கை அல்லவா? கோவை, சென்னை வெப்பநிலையை இ-பாஸ் பதிவுகளோடு நாள்வாரியாக ஒப்பிட்டால் உங்கள் தலைப்பு தப்பித்துவிடும்.

துணைப் பேராசிரியர்:
துறை மாறாதீர்கள். ஆசிரியர் பணி விளம்பரங்களில் முதுகலைப் பாடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சுற்றுலாத் துறையிலேயே பதிந்து, புவியியலிலிருந்து ஒரு துணை நெறியாளரைக் கேளுங்கள். புள்ளியியலும் ஜிஐஎஸ்ஸும் (புவியியல் தகவல் அமைப்பு) கற்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மழைமானி:
களப்பணியாளர் சொல்லும் ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. காலநிலை என்று பேச முப்பது ஆண்டுச் சராசரி வேண்டும். இ-பாஸ் பதிவோ நேற்று முளைத்தது, அதுவும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கூட்டத்தின் பதிவு. தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கும் உதகை அரசு தாவரவியல் பூங்காவின் நுழைவுச்சீட்டு விற்பனை இதைவிட நீண்ட தொடராக அமையக்கூடும். தவிர, ஏன் கோடையை மட்டும் பார்க்க வேண்டும்? 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் சாலை துண்டிக்கப்படும்போது விடுதிக்காரரும் வாடகை வண்டி ஓட்டுநரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் தகவமைப்பு அங்கே கண்கூடாகத் தெரியும்.

வெண்பனி:
பூங்காவின் மாதவாரி எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாமா, பல்கலைக்கழகக் கடிதத்தோடு நேரில் செல்வது நல்லதா?

மழைமானி:
முதலில் கடிதத்தோடு செல்லுங்கள். பழைய பதிவேடுகள் தாளில்தான் இருக்கும் என்றால், உட்கார்ந்து படியெடுக்க அனுமதி கேளுங்கள். தகவல் உரிமை விண்ணப்பம் அதற்குப் பிறகு.