1930, 40களின் பத்து நிமிட ஸ்விங் (ஜாஸ் நடன இசை) படங்கள்: இன்னும் உறுத்தும் காட்சி எது?

நுரை: 1932இல் பாரமவுண்ட் வெளியிட்ட படம்தான், கறுப்பின ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் நடித்தது. கதை தெரியும்தானே, மனைவி துடைப்பத்தால் மண்டையில் போட, மயங்கிய கணவன் கனவில் ஜாஸ்மேனியா என்ற கற்பனை நாட்டுக்கு அரசனாகிறான். ஆம்ஸ்ட்ராங்கோ சிறுத்தைத் தோலைச் சுற்றிக்கொண்டு சோப்பு நுரைக்குள் நிற்கிறார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். டிரம்பெட்டை உதட்டில் வைத்தார், தோலும் நுரையும் மறைந்துபோயின. இறக்கினார், எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அந்த உடையைப் போட்டுவிட்டவர்கள் மீது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ரயில்வண்டி: கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆம்ஸ்ட்ராங்கின் கண்களைப் பாருங்கள். அங்கே கேலி செய்வது யார், கேலிக்கு ஆளாவது யார்? என்னை விடாதது 1934இல் வந்த, பாடகரும் இசைக்குழுத் தலைவருமான கேப் கேலோவே படம். ரயிலின் தூங்கும் பெட்டியில், படுக்கைகளுக்கு நடுவே இசைக்குழு ஒத்திகை! தனியாக இருக்கும் மனைவிக்கு ரேடியோ வாங்கிக் கொடு என்று ரயில் போர்ட்டருக்கு யோசனை சொல்லிவிட்டு, பிறகு அந்த வீட்டுக்கே போய் நிற்கிறார் மனிதர். இயக்கிய பிரெட் வாலர்தான் பின்னாளில் சினிராமா என்ற அகலத்திரை முறையைக் கண்டுபிடித்தவர்.

பதினாறு மி.மீ.: நண்பர் வீட்டில் ஒரு சவுண்டீஸ் சுருளை ஓட்டினோம், அதாவது காசு போட்டுப் பார்க்கும் பெட்டிகளுக்காக 1940களில் எடுத்த குட்டி இசைப்படங்கள். பேட்ஸ் வாலர் பியானோவில் தாழ்ந்த சுரங்களெல்லாம் வலப்பக்கம்! எனக்குத் தலை சுற்றியது. பத்து சென்ட் போட்டால் மதுக்கடைகளில் ஓடிய பனோரம் என்ற அந்தப் பெட்டிக்குள், படம் கண்ணாடியில் பட்டுத்தான் திரைக்கு வந்தது. அதற்காகப் பிரதியையே இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். ஆகவே சுருள் வாங்குவோர் கவனிக்க: டிரம்பெட் வால்வுகளை இடக்கை அழுத்தினால் பெரும்பாலும் அது பனோரம் பிரதி. ஆண்கள் அணியும் கோட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிய வேண்டும், இல்லையேல் படம் திரும்பியிருக்கிறது. பெயர்ப்பலகை தெரிந்தால் எழுத்தைப் படித்துப் பாருங்கள். டிஜிட்டலுக்கு மாற்றக் கொடுக்கும்போதே படத்தை இடவலம் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருமுறை பணம் கொடுக்க நேரும்.

நுரை: இங்கே யாரும் சுருள் வாங்கப் போவதாகச் சொல்லவில்லையே, ஐயா. ரயில்வண்டிக்கு: கண்ணில் கேலி இருந்தது, சரி. தோலைக் கழற்றி வீசும் உரிமை இருந்ததா?

நிழல்: மற்றவை போல நகைச்சுவைப் படமல்ல என்றாலும், 1944இல் வார்னர் வெளியிட்ட, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் படத்தைச் சொல்லாமல் முடியவில்லை. கறுப்பினக் கலைஞர்களின் அந்தக் குழுவில் ஒரே வெள்ளையர், கிதார் வாசித்த பார்னி கெசல். இரு இனத்தாரும் சேர்ந்து வாசிப்பது தெரியக்கூடாதென்று அவரை நிழலிலேயே நிறுத்தினார்கள். அருகில் காட்டும்போது வெளுப்புத் தெரியாதிருக்க, கைகளில் பழச்சாறு பூசினார்கள் என்பார்கள். அந்தப் படத்தில் யங்கை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்க்கிறேன்.