ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனை நேரில் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

தொடங்கியவர் (ஈசூன்)

தொடங்கி வைப்பவன் நான். ஆகவே என் வெட்கக்கேட்டையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் மரினா பேயில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம். என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பரும் நானும் காசு சேர்த்து, மிதக்கும் மேடைக்கு எதிரே அப்போது இருந்த பெரிய பார்வையாளர் மாடத்தில் டிக்கெட் வாங்கியிருந்தோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த நாளில் 18-ஆம் வளைவு மாடத்துக்கு அடியில் நுழைந்து போகும். வண்டி நம் கண்ணுக்கு முன்னால் வரும், அப்புறம் காலுக்கு அடியில் காணாமல் போகும், சத்தம் மட்டும் இருக்கைக் கம்பி வழியாக முதுகுக்கு ஏறும். அப்போதெல்லாம் வி8 இன்ஜின். பஞ்சு வைத்தும் காது வலித்தது.

நரேனின் வண்டி 23-ஆம் நம்பர். எச்ஆர்டி என்ற ஸ்பானியக் குழு. வெள்ளையும் தங்கமும் சிவப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும், ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் வரும். பாதிப் பந்தயம் முடியும் தறுவாயில் பெரிய திரையில் அந்த வண்டியைக் காட்டினார்கள். எங்களுக்குக் கீழேயே சுவரில் இடித்து நின்றிருந்தது. விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்பு வண்டி வெளியே வந்தது. எங்கள் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஊர்க்காரர்தானே?" என்றார்.

நான் சிங்காநல்லூரில் பிறந்து வளர்ந்தவன். அவரும் கோயம்புத்தூர்க்காரர். ஆனால் நான் சொன்னது என்ன தெரியுமா? "இந்தியா ரொம்பப் பெரிய நாடு."

இது இத்தனை வருஷமாக உறுத்துகிறது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். தூரத்தில் பார்த்தது, டிவியில் பார்த்தது, எதுவானாலும் சரி.

பாசிர் ரிஸ் அக்கா

தம்பி, அதே ராத்திரி நானும் அங்கேதான் இருந்தேன். டிக்கெட் வாங்கி இல்லை, ஆரஞ்சு உடுப்புப் போட்டுக்கொண்டு. நான் தன்னார்வ மார்ஷல். ராஃபிள்ஸ் பொலிவார்ட் நேர்சாலை முடிகிற இடம், 7-ஆம் வளைவுக்குப் பக்கம். என் கையில் இருந்தது நீலக்கொடி.

நீலக்கொடி என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. பின்னால் ஒரு சுற்று கூடுதலாக ஓடிவிட்ட வேகமான வண்டி வருகிறது, ஒதுங்கி வழிவிடு என்று பொருள். மூன்று முறை காட்டியும் வழிவிடாமல் போனால் தண்டனை. ஆகவே முன்னணியில் இருப்பவர்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் என்னைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த இரவு முழுக்க நான் கொடி காட்டியது பின்னால் வந்த நாலைந்து பேருக்குத்தான். அதில் நரேன் நமக்கு வாடிக்கையாளர் மாதிரி.

வேடிக்கையாகச் சொன்னேனே தவிர, அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. பந்தயப் பாதையில் எல்லா வண்டியும் ஒரே தடத்தில்தான் போகும். அந்தத் தடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கும். அதற்கு வெளியே டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். நாங்கள் கோலிகுண்டு என்போம். வழிவிட வேண்டும் என்றால் அந்தக் குப்பைக்குள் இறங்கியாக வேண்டும். அந்த ரப்பர் டயரில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த இரண்டு மூன்று வளைவுக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். நேர்சாலை முடிவில் 300 கிலோமீட்டரை நெருங்கி வரும் ஒருவனுக்கு ஒதுங்கிக்கொடுத்துவிட்டு, அழுக்கு டயரோடு பிரேக் பிடித்து வளைவைத் திரும்ப வேண்டும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான். காக்பிட்டில் அனல் வேறு. நம்ம ஊர்ப் பந்தயத்தில் ஓட்டுநர்களுக்கு உடம்பில் 2, 3 கிலோ நீர் இறங்கிவிடும்.

நான் பார்த்த வரைக்கும் அவர் ஒரு முறைகூட அடம்பிடித்து மறிக்கவில்லை. சரியான இடத்தில் விலகினார், ஆள் போனதும் உடனே தடத்துக்குத் திரும்பினார். முதல் இடத்தில் ஓடுகிறவனுக்கு முன்னால் பார்த்தால் போதும். கடைசியில் ஓடுகிறவனுக்குக் கண்ணாடியில் ஒரு கண், சுவரில் ஒரு கண்.

அவர் மோதியது எங்கள் சாவடியில் இல்லை. வாக்கி டாக்கியில் "18-ஆம் வளைவு, 23" என்று கேட்டதும் எனக்கு வயிறு சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று சொன்னார்கள். அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன்.

கணக்கு வாத்தியார்

அக்கா சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. அந்தப் பந்தயம் 61 சுற்று ஓட வேண்டியது, 59-ல் முடிந்தது. இரண்டு மணி நேரம் ஆனால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. இரண்டு முறை பாதுகாப்பு வண்டி வந்ததுதான் காரணம். முதல் முறை நரேனால். பாதை திறந்த சிறிது நேரத்திலேயே இரண்டாம் முறை, அதற்குக் காரணம் வெர்ன் என்ற ஓட்டுநரின் வண்டிக்குப் பின்னால் போய் முட்டிய ஷூமாக்கர். ஏழு முறை உலகச் சாம்பியன் இடித்ததற்கு உங்கள் வரிசையில் யாராவது சிரித்தார்களா?

துவாஸ் லாரிக்காரன்

அண்ணே, நான் புதுக்கோட்டை. இங்கே துவாசில் லாரி ஓட்டுகிறேன். ஃபார்முலா ஒன்னெல்லாம் எனக்குத் தெரியாது, டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் தங்குமிடத்தில் என் மேல்கட்டிலில் படுக்கும் தம்பி ஒருத்தன் இதில் பைத்தியம். ஒரு நாள் போனைக் கீழே நீட்டி, "அண்ணே, நம்மாளு ஒருத்தர் அமெரிக்காவுல லாரி ரேஸ் ஓட்டியிருக்காரு பாருங்க" என்றான்.

லாரி இல்லை, பிக்கப். அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் வீடியோவை முழுக்கப் பார்த்தேன். 2010-இல் நாஸ்கார் டிரக் பந்தயம், மார்ட்டின்ஸ்வில் என்று ஒரு ஊர். சின்னப் பாதை, ஒரு சுற்று 850 மீட்டர்கூட வராது. இடதுபக்கம் மட்டும்தான் திரும்புகிறார்கள். ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டே போகிறான், அதில் யாருக்கும் கோபம் வருவதாகவும் தெரியவில்லை. முதல் பந்தயத்திலேயே 13-ஆம் இடம் என்றான் தம்பி. அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு அந்தத் தொடரின் அபிமான ஓட்டுநராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். நம்ம ஊர் ஆட்கள் ராத்திரி பூரா உட்கார்ந்து குத்தியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கார் ஓட்டுகிறவனை லாரியில் உட்கார வைத்தால் முதல் வாரம் பிரேக் பிடிக்கவே தெரியாது. கனம் பின்னாலிருந்து தள்ளும். அந்த ஒல்லி வண்டியிலிருந்து இறங்கி இந்தக் கனத்த வண்டியில் ஏறி 13-ஆவதாக வந்தது சாதாரண விஷயம் இல்லை. படிப்பாளிகள் நீங்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டீர்கள், அதனால் நான் சொல்கிறேன்.

அப்பர் தாம்சன் தாத்தா

எனக்கு 70 கடந்துவிட்டது. நீங்கள் சொல்லும் ஆளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் சிங்கப்பூரில் கார்ப் பந்தயம் 2008-இல் தொடங்கியது போலப் பேசுகிறீர்களே, அதற்காக எழுதுகிறேன். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் ஓடினார்கள். இப்போது நீங்கள் பஸ்ஸில் போகும் அதே சாலைதான். விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், பெரிய மழைக்கால்வாய் எல்லாம் அப்படியே இருக்கும், நடுவில் வண்டி பறக்கும். ஒரு வளைவுக்குப் பேரே பேய் வளைவு. கார் ஒரு நாள், மோட்டார் சைக்கிள் ஒரு நாள். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை, அங்கிருந்து சைக்கிளில் வருவோம். உயிர்ச்சேதம் ஆனதால் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஓட்டுகிறவன் கிடைத்ததை ஓட்டுவான். இன்றைக்கு எல்லாம் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

சிப்பாங் பஸ் கோஷ்டி

நாங்கள் ஆறு பேர் அதே 2012 மார்ச்சில் பஸ் ஏறி மலேசியப் பந்தயம் பார்க்க சிப்பாங் போனோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே ஒன்றரை மணி நேரம் போனது, அது தனிக் கதை.

பந்தயம் தொடங்கும்போது மழை. எல்லாரும் நடுத்தர மழை டயரில் நிற்க, எச்ஆர்டி ஆட்கள் மட்டும் முழு மழை டயரோடு கிளம்பினார்கள். சில சுற்றில் வானம் கொட்டித் தீர்த்தது. மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட, இவர் ஓடிக்கொண்டே இருந்தார். சிவப்புக்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது திரையில் பட்டியல் வருகிறது, 10-ஆம் இடத்தில் நரேன் பெயர்! நாங்கள் பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு எழுந்து ஆடினோம். பக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பம் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தது.

கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் அந்தப் பட்டியல் அப்படியே நின்றது. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஐம்பது நிமிடங்களில் அது ஒன்று. மறுபடி தொடங்கியதும் என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். பட்டன் என்ற ஓட்டுநர் வந்து இவர் வண்டியில் முட்டித் தன் முன்சிறகை உடைத்துக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் வெட்டல் என்ற ஓட்டுநர் தாண்டிப் போகும்போது இவர் வண்டியில் உரசி, வெட்டலின் டயர் போனது. வெட்டல் அப்புறம் பேட்டியில் திட்டியது ஊருக்கே தெரியும். நரேனுக்கு 20 வினாடி தண்டனை. யார் மேல் தப்பு என்று திரும்பி வரும் பஸ்ஸில் மூவார் வரைக்கும் சண்டை. நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், தாண்டினவர் கொஞ்சம் சீக்கிரம் உள்ளே வந்துவிட்டார்.

நேர்பேச்சு

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்தது மொத்தம் 5 புள்ளி. அதுவும் 2005 இண்டியானாபொலிஸில், மிஷெலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 வண்டிகள் விலகிப் போக, மிச்சம் இருந்த 6 வண்டியில் 4-ஆவதாக வந்தது. டாட்டா பின்னால் நிற்காமல் இருந்தால் இருக்கை கிடைத்திருக்குமா?

தொடங்கியவர் (ஈசூன்)

நேர்பேச்சு, கணக்கில் தப்பில்லை. காசு இல்லாமல் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இடமில்லை என்பதும் உண்மை, ஐரோப்பியர்களுக்கும் அதே கதைதான். ஆனால் ஊரிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா ராலி ஓட்டுநர். இந்தியாவில் கற்றுக்கொள்ளச் சரியான பாதையே அரிதாக இருந்த காலத்தில் பிரான்சுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 1994-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார், 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2007-இல் நாடுகள் மோதும் ஏ1 கிராண்ட் பிரி தொடரில், சீனாவின் ஜுஹாயில் இந்தியாவுக்கு முதல் வெற்றி. 2009-இல் லெ மான் 24 மணிப் பந்தயம், ஆடி நிறுவனத்தின் டீசல் வண்டி. அதில் நடந்தது அநியாயம். பந்தயம் தொடங்கச் சற்று முன் பிட் (வண்டிகளுக்கு டயர் மாற்றும் இடம்) சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. வண்டி கிளம்பிப் போக, இவர் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. கூட்டாளிகள் இரண்டு பேரே மாறி மாறி ஓட்டி 7-ஆவதாகக் கொண்டுவந்தார்கள். 24 மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஷிசுவோகா ரிட்டர்ன்

ஜப்பானை விட்டுவிட்டீர்களே! அங்கேதான் அவர் நிலைத்து ஓட்டினார். 2014 முதல் ஐந்து வருஷம் சூப்பர் ஃபார்முலா, அப்புறம் 2019-இல் நகஜிமா குழுவுக்காக சூப்பர் ஜிடி. ஒற்றை இருக்கை வண்டியிலிருந்து கூரை போட்ட ஹோண்டா என்எஸ்எக்ஸுக்கு மாறினார். 40 தாண்டிய வயதில்.

நான் அப்போது ஷிசுவோகா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. 2019 நவம்பர் 24, ஃபூஜி பந்தயத்திடல். ஜெர்மனியின் டிடிஎம் தொடர் வண்டிகளும் ஜப்பான் சூப்பர் ஜிடி வண்டிகளும் ஒன்றாக ஓடிய சிறப்புப் பந்தயம். குளிரில் கை விறைத்தது. கையில் தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய சூடான காப்பி டின், குடிக்க இல்லை, பிடித்துக்கொள்ள. 64-ஆம் நம்பர் வண்டி. கடைசிச் சுற்றுகளில் பாதுகாப்பு வண்டி வருவதும் போவதுமாக இருந்தது, ஒவ்வொரு முறையும் கூட்டம் ஒன்றாக நெருங்கிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கண் பட்டுவிடுமோ என்று பயம். ஜெயித்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெரியவர் நிதானமாகக் கைதட்டி, "கார்த்திகேயன்-சான்" என்றார். நம்மவர்களே அந்தப் பெயரை அவ்வளவு திருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீடியோ இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

பாசிர் ரிஸ் அக்கா

அனுப்புங்க தம்பி. நான் கொடி காட்டாமல் அவர் ஓடினதைப் பார்த்ததே இல்லை.

துவாஸ் லாரிக்காரன்

எனக்கும். மேல்கட்டில் தம்பி கேட்கிறான்.

தொடங்கியவர் (ஈசூன்)

வந்தது, நன்றி. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நண்பர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார், புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. நேற்று ராத்திரி வீடியோவை அவருக்குத் தட்டிவிட்டு, "ஜெயித்தவர் எங்க ஊர்க்காரர். எங்க வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான்" என்று எழுதினேன்.

காலையில் எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது பதில் வந்தது.

"இந்தியா ரொம்பப் பெரிய நாடு என்றாயே?"