நாளை கோல்ட் கப்: காலோபான் டே ஷானை யாராவது பிடிப்பார்களா?

கிண்டிக்காரன் (வியாழன் இரவு, மார்ச் 13, 2025)

வணக்கம். பர்மிங்காமில் வேலை பார்க்கிறேன். நாளைக்கு ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு செல்டன்ஹாம் ரேஸ் மைதானத்துக்குப் போகிறேன், வேலி தாண்டுகிற பெரிய ரேஸான கோல்ட் கப் நாள். சென்னையில் இருந்தவரை அப்பாவோடு கிண்டிக்குப் போய் ரேஸ் பார்த்தே வளர்ந்தவன் நான், போன செப்டம்பரில் அங்கே சீல் வைத்த செய்தி வந்த அன்று இரண்டு பேரும் போனில் ரொம்ப நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் அங்கே பார்த்ததெல்லாம் தரையில் நேராக ஓடுகிற ரேஸ். வேலி தாண்டி ஓடுகிற குதிரையை எதைப் பார்த்து எடுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

காலோபான் டே ஷான் 2023, 2024 இரண்டு வருடமும் ஜெயித்திருக்கிறது, நாளைக்கும் அதுதான் ஃபேவரிட், ஒரு பவுண்டு போட்டால் ஒரு பவுண்டு லாபம்கூட வராத விலை. அந்த விலையிலும் அதைத்தான் எடுக்க வேண்டுமா, இல்லை வேறு குதிரை ஏதாவது பார்க்கலாமா? கையில் 40 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் தொடமாட்டேன். ஏழு ரேஸுக்கும் பிரித்துப் போடுவதா?

ஈரத்தரை

முதலில், ஏழு ரேஸுக்கும் பிரிக்காதீர்கள். இரண்டு போதும்.

கிண்டியில் குதிரைக்கு விழுந்த கேட் நம்பர், சைஸ், வேகம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். இங்கே கேட்டே கிடையாது, குறுக்கே கட்டிய நாடா விலகியதும் கிளம்புவார்கள், 3 மைல் 2 ஃபர்லாங்குக்குக் கொஞ்சம் மேல், அதாவது 5 கிலோமீட்டரைத் தாண்டுகிற ஓட்டத்தில் யார் எந்தக் கேட் என்பதற்கு அர்த்தமே இல்லை. 22 வேலி. ஒவ்வொன்றும் நாலரை அடி, தட்டினால் ஹர்டில் (இன்னொரு வகை ரேஸில் தாண்டுகிற சின்னத் தடுப்பு) மாதிரி சாய்ந்து கொடுக்காது. குதிரையின் மேல் 11 ஸ்டோன் 10 பவுண்டு, நம் கணக்கில் 74 கிலோவுக்கு மேல், கிண்டியில் 60 கிலோ ஏற்றினாலே அப்பா முகம் சுளித்திருப்பார். இதையெல்லாம் சுமந்துகொண்டு கடைசி வேலியைத் தாண்டியபிறகு இருநூறு கஜத்துக்கு மேல் ஏற்றம் இருக்கிறது, அந்த ஏற்றத்தில்தான் ரேஸ் முடிவாகும். அதனால் நான் முதலில் பார்ப்பது போன ரேஸில் எது ஜெயித்தது என்பதை இல்லை. போன ரேஸில் கடைசி இரண்டு ஃபர்லாங்கில் எது நெருங்கி வந்துகொண்டிருந்தது என்பதைத்தான்.

அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரே பெயர், ஐ நோ த வே யூ ஆர் திங்கின். (இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள், பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.) பிப்ரவரியில் லெபர்ட்ஸ்டவுனில் நடந்த ஐரிஷ் கோல்ட் கப்பில் காலோபான் முதல், இது நாலாவது, இடையில் ஏழெட்டு லெங்த் (ஒரு லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்). காகிதத்தில் பார்த்தால் தோற்ற குதிரை. ஆனால் அந்த ரேஸைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், முடிவில் எப்படி ஓடி வந்தது என்று. நாளைக்கு அதைவிடச் சுமார் இரண்டு ஃபர்லாங் கூடுதல், அதோடு இந்த ஏற்றம். போன வருடம் இதே மைதானத்தில் கிம் ம்யூர் ரேஸ் ஜெயித்தது, அடுத்த மாதமே ஏன்ட்ரீ மைதானத்தில் மில்ட்மே ரேஸ். வயது ஏழுதான், இன்னும் வளர்கிறது. கிராண்ட் நேஷனலுக்கு என்று வைத்திருந்த குதிரையை 25,000 பவுண்டு தனியாகக் கட்டிக் கோல்ட் கப்பில் சேர்த்திருக்கிறார்கள். பயிற்சியில் எதையோ பார்க்காமல் அவ்வளவு பணம் கட்டமாட்டார்கள்.

இன்னொன்று. அதே ஐரிஷ் கோல்ட் கப்பில் மூன்றாவது வந்த ஃபேக்ட் டு ஃபைல் இன்றைக்கு ரையனேர் ரேஸை எப்படி ஜெயித்தது என்று பார்த்தீர்களா? ஒன்பது லெங்த். அதற்குப் பின்னால் வந்த குதிரையை லேசாக நினைக்க முடியாது.

லாடம்

ஈரத்தரை அண்ணா சொல்வதை எப்போதும் கேட்பேன், இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை.

ஃபேக்ட் டு ஃபைல் இன்றைக்கு ஜெயித்தது ஒருவருக்குப் பலம் என்றால் அது முதலில் காலோபானுக்குத்தான், ஏனென்றால் அதைத் தோற்கடித்ததே காலோபான்! நவம்பரில் ஜான் டர்கன் ரேஸில் காலோபான் மூன்றாவது வந்தது உண்மை, ஆனால் அது சீசனின் முதல் ஓட்டம், தூரமும் குறைவு. டிசம்பரில் சேவில்ஸ், பிப்ரவரியில் ஐரிஷ் கோல்ட் கப், இரண்டிலும் முன்னால் போய் எல்லோரையும் ஓட ஓடக் களைக்க வைத்து ஜெயித்தது. ஏற்றம் ஏற்றம் என்கிறீர்கள், கோல்ட் கப்பில் அந்த ஏற்றத்தை இரண்டு முறை முதலாவதாக ஏறிய குதிரை நாளைக்கு இது ஒன்றுதான். ஜாக்கி பால் டவுனெண்டுக்கு அதன் மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேலிக்கும் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று தெரியும்.

எனக்கு அந்தக் குதிரை மேல் பாசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 டர்னர்ஸ் ரேஸில் எல்லோரையும் தூரத்தில் விட்டுவிட்டு வந்து கடைசி வேலியில் முன்னங்கால் சறுக்கி விழுந்ததே, அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அந்த ரேஸ் கைக்கு வந்த பாப் ஒலிங்கர்தான் இன்றைக்கு ஸ்டேயர்ஸ் ஹர்டில் ஜெயித்தது. மூன்று வருடம் கழித்து இரண்டும் அடுத்தடுத்த நாளில் ஜெயித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கோல்ட் கப்பைத் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது கோல்டன் மில்லர் (அது ஐந்து முறை, 1932 முதல் 36 வரை), காட்டேஜ் ரேக், ஆர்க்கில், பெஸ்ட் மேட் மட்டும். அந்த வரிசையில் நாளைக்கு இன்னொரு பெயர் ஏறும் என்று நம்புகிறேன்.

ஈரத்தரை

தம்பி, பாசம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் ஏன் இவ்வளவு குறைவான பெயர்கள் என்று யோசித்துப் பார். காட்டோ ஸ்டார் 2007-ல் ஜெயித்து, 2008-ல் டென்மனிடம் தோற்று, 2009-ல் திரும்ப ஜெயித்தது. அல் பூம் ஃபோட்டோ 2019, 2020 இரண்டும் ஜெயித்து 2021-ல் மூன்றாவது கோப்பைக்கு வந்தது, இதே ட்ரெய்னர் வில்லி மல்லின்ஸ், இதே டவுனெண்ட், மூன்றாவது இடம்தான் கிடைத்தது. குதிரை கெட்டுப்போகவில்லை, கீழிருந்து இளசு இரண்டு, மினெல்லா இண்டோவும் ஆ ப்ளூ டாரும், வளர்ந்து வந்துவிட்டன. காலோபானுக்கு இப்போது ஒன்பது வயது.

அப்புறம் இந்த வாரத்தையும் பார். செவ்வாய்க்கிழமை சாம்பியன் ஹர்டிலில் கான்ஸ்டிடியூஷன் ஹில் நடுவழியில் விழுந்தது, முதலாவதாக வந்துகொண்டிருந்த ஸ்டேட் மேனும் கடைசி ஹர்டிலில் விழுந்தது, 25-க்கு 1 விலையில் இருந்த கோல்டன் ஏஸ் கோப்பையைக் கொண்டுபோனது. அதே நாள் ஆர்க்கில் ரேஸில் மாஜ்பரோ ஒரு தப்பு செய்து தோற்றது. புதன்கிழமை ஜான்பான் தோற்றது. கான்ஸ்டிடியூஷன் ஹில், மாஜ்பரோ, ஜான்பான் மூன்றுமே போட்ட பணத்தைவிடக் குறைவான லாபம் தருகிற விலை. தாண்டுகிற ரேஸில் எவ்வளவு நல்ல குதிரைக்கும் ஒரு தப்புக்கு இடம் விட்டுத்தான் விலை பார்க்க வேண்டும், காலோபானின் விலையில் அந்த இடமே இல்லை. அது ஜெயிக்காது என்று நான் சொல்லவில்லை.

மெரீன் நேஷனல்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் இன்னும் அந்தப் பெயருள்ள குதிரை ஜெயித்த புதன்கிழமையிலேயே இருக்கிறேன். போன மாதம் தர்லெஸில் ரேஸில் விழுந்து இறந்துபோன ஜாக்கி மைக்கேல் ஓ சலிவன், 24 வயதுப் பையன், அவன் 2023-ல் இதே செல்டன்ஹாமில் ஜெயித்த குதிரை அது. ஷான் ஃப்ளனகன் அதன்மேல் சாம்பியன் சேஸ் ஜெயித்து வந்தபோது மைதானமே அழுதது. கிண்டிக்காரன், நாளைக்கு நீங்கள் பார்க்கப்போகிற ஜாக்கிகள் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் ஏறுகிறார்கள், எந்தக் குதிரை வந்தாலும் கை தட்டுங்கள்.

சரி, ரேஸுக்கு வருகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாக. பான்பிரிட்ஜ் பாக்சிங் டே அன்று கிங் ஜார்ஜ் ஜெயித்த நல்ல குதிரை, ஆனால் அதற்குக் காய்ந்த தரை வேண்டும், இந்தத் தூரமும் சந்தேகம். லோம் ப்ரெஸ் ஜனவரியில் இங்கேயே காட்ஸ்வோல்ட் சேஸ் ஜெயித்தது, தைரியமாக ஓடும், முதல் இடத்துக்குப் போதாது. ஜென்டில்மேன்ஸ்கேமை யாரும் பேசவில்லை, அதன் ட்ரெய்னர் மவுஸ் மோரிஸ் 2006-ல் வார் ஆஃப் அட்ரிஷனை வைத்து இந்தக் கோப்பையை ஜெயித்தவர், விலையும் பெரியது, மூன்றாவது இடத்துக்கு நான் சில்லறை போடுவேன்.

முதல் ரேஸ் ட்ரையம்ஃப் ஹர்டில், நாலு வயதுக் குட்டிகள். ஈஸ்ட் இண்டியா டாக் செல்டன்ஹாமிலேயே ஜெயித்துக் காட்டியது, லுலாம்பாவை அதன் ட்ரெய்னர் ஹெண்டர்சன் ரொம்ப உயர்த்திப் பேசுகிறார். இரண்டில் ஒன்றுதான். கவுண்டி ஹர்டில் இருபதுக்கு மேல் குதிரைகள் முட்டி மோதுகிற ஹேண்டிகேப் (நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுகிற ரேஸ்), பார்த்து ரசியுங்கள், பணம் வேண்டாம். பெண் குதிரைகளுக்கான மேர்ஸ் சேஸில் டைனோப்ளூ, போன வருடம் லிமரிக் லேஸிடம் விட்டதை நாளைக்கு வாங்கும்.

கிண்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், ஈச் வே என்கிறார்களே, அது நம் ஊர் பிளேஸ் மாதிரியா?

ஈரத்தரை

கிட்டத்தட்ட. ஆனால் அது இரண்டு பந்தயம் சேர்ந்தது, ஒன்று வின், ஒன்று பிளேஸ். 10 பவுண்டு ஈச் வே என்றால் உங்கள் கையிலிருந்து 20 போகும். எட்டுக் குதிரையோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் பிளேஸ் உண்டு, வின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுப்பார்கள். காலையில் பெயர் விலகி ஏழாகக் குறைந்தால் இரண்டு இடம்தான், அதைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். காலோபான் மாதிரி ஒரு குதிரை முன்னால் நிற்கிற ரேஸில் இரண்டாவது நல்ல குதிரையை ஈச் வே போடுவது எனக்குப் பிடித்த வழி.

கிண்டிக்காரன் (சனிக்கிழமை காலை)

தூங்கவே இல்லை, வந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ட்ரையம்ஃபில் லுலாம்பாவுக்கு 10 பவுண்டு. கடைசி வரைக்கும் அதுதான் என்று கத்திக்கொண்டிருந்தோம், கழுத்தளவில் பொனிரோஸ் பிடுங்கிக்கொண்டது. 100-க்கு 1. அதற்கு முன்னால் ஒரு ஹர்டில் ரேஸ்கூட ஓடியதில்லையாம்! என் பக்கத்தில் நின்ற ஐரிஷ் பெரியவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மல்லின்ஸ் இறக்கிய குதிரைகளிலேயே இதை யாரும் பார்க்கவில்லை. டைனோப்ளூ ஜெயித்தது, அதில் நான் போடவில்லை.

கோல்ட் கப்பில் ஐ நோ த வே மேல் 10 ஈச் வே, ஏழரைக்கு ஒன்று. கடைசி வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டிவியில் பார்க்கும்போது அந்தச் சத்தம் தெரிவதில்லை, குதிரை வேலியில் உரசுகிறபோது வைக்கோல் போர் சரிகிற மாதிரி ஒரு சத்தம், தரையே அதிர்கிறது. அதன் ஜாக்கி மார்க் வால்ஷ் பின்னாலேயே வைத்துக் கொண்டுவந்தார், பச்சையும் தங்கமும் வளையம் போட்ட சட்டை மெல்ல மெல்ல முன்னால் வந்தது, அப்புறம் அந்த ஏற்றத்தில் காலோபானை விட்டு விலகிப் போனதைப் பார்த்தபோது ஈரத்தரை சொன்னது அப்படியே கண்முன் நடந்தது. ஆறு லெங்த். மூன்றாவது ஜென்டில்மேன்ஸ்கேம், மெரீன் நேஷனல் போட்டிருந்தால் வாழ்த்துகள். போட்ட 20-க்கு 110 வந்தது.

லாடம்

வாழ்த்துகள் நண்பரே. காலோபான் நல்லபடியாக வீடு திரும்பினால் போதும் எனக்கு. இரண்டாவது வந்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கேவின் க்ராம்வெலை நினைத்தால் சந்தோஷம்தான், அடுத்தவர் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவர் இன்றைக்குக் கோல்ட் கப் ட்ரெய்னர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் எதிர்ப்பக்கம் நின்றிருக்கக் கூடாது.

ஈரத்தரை

அப்பாவிடம் சொன்னீர்களா?

கிண்டிக்காரன்

ராத்திரியே வீடியோ அனுப்பினேன், முழித்திருந்து பார்த்திருக்கிறார். 74 கிலோ என்றதும் நம்பவில்லை. ஜாக்கி எடை பார்க்கிற படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார், யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.