ஸ்பார்க்ஸ்டேஷன் 5 பவர் சப்ளை ஸ்டார்ட் ஆகல, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது

திருவான்மியூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா வேலை பார்த்த டிசைன் ஆபீஸ்ல பழசையெல்லாம் கழிச்சப்போ ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 (சன் கம்பெனியோட ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்) எடுத்துட்டு வந்தாரு, 1994 மாடல், ரொம்ப வருஷமா பரண்லயே இருந்துச்சு. ஸ்விட்ச் போட்டா ஃபேன் லேசா துள்ளி நின்னுடுது, உள்ள இருந்து டிக்... டிக்...னு சத்தம். திரும்ப திரும்ப ஆன் பண்ணா சில நேரம் எழுந்துக்குது, எழுந்துட்டா நல்லாவே ஓடுது. மத்தியான வெயில்ல சீக்கிரம் வருது, மார்கழி காலைல சுத்தமா வராது. எனக்கு ஒரிஜினல் சப்ளையே சரியாகணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ரெட்ரோரசிகன்:
ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஒரு ஏடிஎக்ஸ் சப்ளை (சாதா பிசில போடறது) வாங்கி ஒயர மாத்தி போட்டா முடிஞ்சுது.

பெரம்பூர்மெக்கானிக்:
வேணாம் தம்பி. ஏடிஎக்ஸ் வந்ததே 1995ல, இந்த மெஷின் அதுக்கும் முந்தி. ஒவ்வொரு பின்னையும் அளக்காம ஒயர் மாத்தினா போர்டு போயிடும், அந்த போர்டு திரும்ப கிடைக்காது. திருவான்மியூர் தம்பி, நீங்களும் முதல்ல அந்த ஆன் ஆஃப் பண்றத நிறுத்துங்க, சப்ளைய வெளிய கழட்டுங்க.

நீங்க சொல்றது ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் காய்ஞ்சதோட லட்சணம். அந்த காலத்து சப்ளை நிறைய யூசி3842 மாதிரி கன்ட்ரோல் ஐசில (சிப்ல) ஓடும், உங்களோடதுல என்ன நம்பர்னு பாருங்க. 3842க்கு ஸ்டார்ட் ஆக 16 வோல்ட் வேணும், 10க்கு கீழ போனா நின்னுடும். மெயின்ல இருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா ஒரு சின்ன கெப்பாசிட்டர் மெதுவா சார்ஜ் ஆகும், ஐசி அத வச்சு கிளம்பி, அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருக்கற தனி வைண்டிங் (கம்பிச் சுத்து) ஐசிக்கு சாப்பாடு போடும். மோட்டாருக்கு முதல்ல ஒரு குடம் தண்ணி ஊத்தி ஓட விடுவோம்ல, அந்த குடத்துத் தண்ணி தான் இந்த கெப்பாசிட்டர். அது காய்ஞ்சா வைண்டிங் கை கொடுக்கறதுக்குள்ள வோல்டேஜ் இறங்கி நின்னுடும், திரும்ப சார்ஜ் ஆகும், திரும்ப கிளம்பும், அதான் டிக் டிக். சூடானா ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரோட உள் எதிர்ப்பு) குறையும், அதனால தான் வெயில்ல வருது. பெரும்பாலும் 22, 47 மைக்ரோஃபாரட் சைஸ்ல ஐசி பக்கத்துலயே, சூடாகற ஹீட்சிங்க் ஒட்டியே இருக்கும்.

ஒண்ணு கவனமா இருங்க. 230 வோல்ட்ட ரெக்டிஃபை பண்ணா 325 வோல்ட் டிசி. ஸ்டார்ட் ஆகாத சப்ளைல அத இழுக்க ஆள் இல்ல, பெரிய கெப்பாசிட்டர்ல ப்ளக் புடுங்கினப்புறமும் நிக்கும். ஸ்க்ரூட்ரைவர் வச்சு ஷார்ட் பண்ணாதீங்க, 2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டு மீட்டர்ல பாத்துட்டு தான் கை வைக்கணும்.

முதல் தடவ கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்ப மெயின் ஒயர்ல சீரிஸா போடுங்க. ஒரு நொடி பளிச்னு எரிஞ்சு மங்கினா நல்லது, பளிச்னே எரிஞ்சா மாஸ்ஃபெட்டோ (ஸ்விட்ச் பண்ற ட்ரான்சிஸ்டர்) பிரிட்ஜோ (ஏசிய டிசி ஆக்கற டயோடு செட்) ஷார்ட்.

ஆஸிலோ:
அண்ணன் சொன்னதோட கொஞ்சம் சேர்த்துக்கறேன். வெறும் மல்டிமீட்டர்ல கெப்பாசிட்டன்ஸ் பாத்து நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, அளவு சரியா காட்டும் ஆனா ஈஎஸ்ஆர் ஏறியிருக்கும், ஈஎஸ்ஆர் மீட்டர் வேணும். அவுட்புட் பக்கமும் எல்லாத்தையும் 105 டிகிரி லோ ஈஎஸ்ஆரா மாத்திடுங்க. 2000 மணி நேரம்னு போட்டிருந்தா அது 105 டிகிரில, 10 டிகிரி குறைய குறைய ஆயுள் இரட்டிப்பாகும், 65ல 32000 மணி நேரம், அதனால ஃபேன சுத்தம் பண்றதும் ரிப்பேர் தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல பேர் தெரியாத லூஸ் சரக்கு வேணாம், பில்லோட வாங்குங்க, கால் இடைவெளியும் உயரமும் அளந்துட்டு போங்க. இன்புட் பக்கம் கண்ணாடி மாதிரி ஓடு போட்ட பேப்பர் கெப்பாசிட்டர் இருந்தா வெடிப்பு இருக்கான்னு பாருங்க, நம்ம ஊரு ஈரக்காத்துல அது தண்ணிய இழுத்து ஒரு நாள் புகையும்.

லோடு இல்லாம டெஸ்ட் பண்ணாதீங்க. 5 வோல்ட்டுக்கு 5 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர், 12க்கு கார் இண்டிகேட்டர் பல்ப். பல்ப் டெஸ்ட் பாஸ் ஆனதும் சீரிஸ் பல்ப கழட்டிடணும், அதுவே லோடுல சப்ளைய திணற வைக்கும். 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவுல நிக்கணும், ரிப்பிள் (டிசி மேல மிச்சமிருக்கற ஏற்ற இறக்கம்) ஆஸிலோஸ்கோப்ல தான் ஒழுங்கா தெரியும்.

திருவான்மியூர்வாசி:
அண்ணா ரொம்ப நன்றி, அந்த சின்ன கெப்பாசிட்டர் தான், ஈஎஸ்ஆர் எகிறி கிடந்துச்சு. மத்ததையும் சேத்து மாத்தி லோடுல ஓட விட்டு பாத்தேன், 5.04 வோல்ட், காலைலயும் முதல் ஸ்விட்ச்லயே வருது. மெஷின்ல போட்டதும் ஸ்கிரீன் வந்துச்சு, ஆனா ஐடிப்ராம் இன்வாலிட்னு சொல்லுது, சப்ளையால வந்ததா?

பெரம்பூர்மெக்கானிக்:
சந்தோஷம் தம்பி! இல்ல, அது சப்ளை இல்ல, எம்48டி08 சிப்போட தலைக்குள்ள இருக்கற லித்தியம் பேட்டரி தீந்துடுச்சு, ஈதர்நெட் அட்ரஸ், ஹோஸ்ட் ஐடி (மெஷினோட அடையாள நம்பர்) எல்லாம் அந்த சிப்புல தான் இருந்துச்சு, அதத்தான் ஐடிப்ராம்னு சொல்லுது. புது சிப் போடலாம், இல்ல தலைய கீறி வெளிய சிஆர்2032 ஹோல்டர் வைக்கலாம். மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர கிழிச்சிடாதீங்க, திரும்ப நம்பர் போட அது வேணும்.