சிற்றலை வானொலி நேயர்கள் ஒரு சொல்லாடல் சமூகமா?

தணிகை:
ஒரே நோக்கத்தோடு தமக்குள் பேசியும் எழுதியும் இயங்கும் குழுவைச் சொல்லாடல் சமூகம் என்பார்கள். மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் அதற்கு ஆறு அடையாளங்கள் சொன்னார்: பொது நோக்கம், தமக்குள் தொடர்புகொள்ள வழி, தகவல் பரிமாறும் பழக்கம், தமக்கென எழுத்து வகைகள், தனிச்சொற்கள், போதிய அளவில் தேர்ந்த உறுப்பினர்கள். சிற்றலை நேயர்கள் இதில் எங்கே தேறுகிறார்கள்? அவரவர் வீட்டில் அவரவர் பெட்டியைத் திருகுகிறார்கள். ஒரே பஸ்ஸில் போகிறவர்களைச் சமூகம் என்போமா?

கரிசல்:
நண்பரே, ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு ஓர் அறிக்கை எழுதிப் பாருங்கள். ‘நிகழ்ச்சி அருமை’ என்பது நேயர் கடிதம், நீங்கள் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைக்கு அது போதாது. தேதி, அலைவரிசை, கேட்டதற்குச் சான்றாக நிகழ்ச்சிக் குறிப்பு, எல்லாம் வேண்டும். இரவு 7 மணி என்று எழுதக்கூடாது. உலக நேரத்தில் (UTC) 1330. கடைசியில் சின்போ எண்: அலையின் வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவலின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மிக மோசம். 42432 என்றால் போதும், அலை வலுவாகத்தான் வருகிறது, வேறொரு நிலையம்தான் அமுக்குகிறது என்று பொறியாளருக்குப் புரிந்துவிடும். இது தனி எழுத்து வகை இல்லையென்றால் வேறு எது?

தணிகை:
அது நேயருக்கும் நிலையத்துக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்து. நேயருக்கும் நேயருக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஸ்வேல்ஸே சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் மூவரை உதாரணம் காட்டினார். ஒரே தொழில், ஒரே வாடிக்கையாளர்கள், ஆனால் தங்களுக்குள் பேச்சே இல்லை. அவர்கள் சமூகம் ஆகவில்லை என்றுதான் முடித்தார்.

வைகறை:
நேயர் மன்றங்களை மறந்துவிட்டீர்களே! சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அதன் நேயர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் மன்றம் அமைத்தார்கள். எங்கள் ஊர் மன்றத்தில் அலைவரிசை மாற்றம் அஞ்சலட்டையில்தான் வந்து சேரும். புதிதாகச் சேர்ந்த பையன் இந்திய நேரத்தைப் போட்டு எழுதினால் மூத்தவர் ஒருவர் உட்கார வைத்துத் திருத்துவார்.

தணிகை:
மன்றத்தினர் சரி. தினமும் பி.பி.சி.யின் தமிழோசை கேட்டு, ஒரு வரிகூட எழுதாத மற்றவர்கள்?

கரிசல்:
அவர்கள் நேயர்கள், அவ்வளவுதான். அதில் ஒரு குறைவும் இல்லை. 2017இல் பி.பி.சி. தமிழோசை வானொலி ஒலிபரப்பு நின்றபோது அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி போயிற்று. அறிக்கை எழுதுகிறவர்கள் அடுத்த நிலையத்தைத் தேடி முள்ளை நகர்த்தினார்கள்.

வைகறை:
இதை என்னால் ஏற்க முடியாது. என் தந்தை ஓர் அட்டைகூடப் போட்டதில்லை. ஆனால் எந்தப் பருவத்தில் எந்த மீட்டர் (அலைநீளப் பட்டை) தெளிவாகக் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் கேட்பார்கள். அவரை வெளியே நிறுத்துவீர்களா?

கரிசல்:
மாட்டேன். அவர் கேட்டதோடு நின்றவர் இல்லையே, பிறருக்கு வழி சொன்னவர். எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

தணிகை:
அப்படியானால் தேநீர்க்கடையில் ‘நேற்றுச் செய்தி கேட்டாயா’ என்பவரும் உறுப்பினரா? எல்லையை எங்கே போடுவீர்கள்?

கரிசல்:
அவர் பேசுவது செய்தியைப் பற்றி. அதைப் பத்திரிகை படித்தும் பேசலாம். ‘49 மீட்டரில் ஒரே இரைச்சல், 41இல் வைத்துப் பார்’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னால் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வேன்.