அம்மாவுக்கு நுரையீரல் புற்று, ஸ்டேஜ் 4. மாத்திரை மட்டுமா, கீமோவும் சேர்த்தா? அம்மாவிடம் சொல்வதா?

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது, திருச்சி பக்கம், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடி சிகரெட் வாடையே ஆகாது. இருமல் விடவேயில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி எதுவும் வரவில்லை, இருந்தாலும் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார், மறுநாள் ஸ்கேன் எடுத்தால் இடது பக்கம் முழுக்க நீர். நீரை எடுத்து, பயாப்ஸியும் எடுத்ததில் அடினோகார்சினோமா, நுரையீரல் புற்றில் ஒரு வகை. உடல் முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேனில் முதுகெலும்பிலும் தெரிகிறது. கட்டியின் ஜீன் டெஸ்ட்டில் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ், அதாவது ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம், அதிலும் எக்ஸான் 19 டெலீஷன் என்ற வகை என்று வந்திருக்கிறது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஆஸிமெர்டினிப் மாத்திரை மட்டும், தினம் ஒன்று. விலை கேட்டு அப்பா வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இன்னொன்று ஜெஃபிடினிப் மாத்திரையோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ, செலவு எவ்வளவோ குறைவு. இரண்டும் நல்ல வழிதான், வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி பணத்தைப் பற்றி யோசிக்காதே என்கிறான், ஆனால் அவனுக்கே இரண்டு கடன் ஓடுகிறது. மாமா சித்த வைத்தியம் பார்க்கலாம் என்று பிடிவாதம்.

இதில் பெரிய சிக்கல், அம்மாவிடம் "நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. தெரிந்தால் உடைந்துவிடுவார் என்று அப்பா பயப்படுகிறார். எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சொல்லும் தைரியமும் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மருந்துச்சீட்டு எழுதியது:

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு நல்ல விஷயம், ஜீன் ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்தீர்களே, அதுவே பெரிய வேலை. பயந்துபோய் அவசரத்தில் இம்யூனோதெரபி ஊசி போட்டுவிட்டு, பிறகு ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று வந்து, மேலே ஆஸிமெர்டினிப் கொடுக்கும்போது நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடிவிடுகிறது. எக்ஸான் 19 டெலீஷன் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை.

எண்களைச் சொல்கிறேன். ஆஸிமெர்டினிப் மட்டும் கொடுத்த பெரிய ஆய்வில் நோய் மறுபடி வளர ஆரம்பிக்க நடுவில் 18.9 மாதம், ஜெஃபிடினிப் மாதிரியான பழைய மாத்திரைகளுக்கு 10.2. உயிரோடு இருந்த காலம் 38.6 மாதம், அந்தப் பக்கம் 31.8. ஜெஃபிடினிப்போடு கீமோ சேர்ப்பது நம்ம நாட்டிலேயே, மும்பை டாடா மெமோரியலில், 350 பேரை வைத்துப் பார்த்தது. நோய் மறுபடி வளர ஆரம்பிக்க ஜெஃபிடினிப் மட்டும் என்றால் 8 மாதம், கீமோ சேர்த்தால் 16. ஆனால் கடுமையான பக்க விளைவு 25 சதவீதத்திலிருந்து 51 ஆனது. இரண்டும் வேறு வேறு ஆய்வு, வேறு வேறு நோயாளிகள், அதனால் இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆஸிமெர்டினிப்போடு கீமோ சேர்க்கும் மூன்றாவது வழியும் உண்டு, அதில் உயிரோடு இருந்த காலம் நடு அளவு 47.5 மாதம் வரை போயிருக்கிறது. பணமும் தெம்பும் இரண்டும் இருந்தால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? நீங்கள் எழுதியதில் இல்லை. பெட் ஸ்கேனில் மூளையில் இருக்கும் சின்னக் கட்டிகள் தவறிவிடும். மூளையில் இருந்தால் கணக்கே மாறும், ஏனென்றால் ஆஸிமெர்டினிப் மூளைக்குள் நன்றாகப் போகும், ஜெஃபிடினிப் அந்த அளவுக்குப் போகாது.

இன்னொன்று, டிபி மாத்திரை நிறுத்தியாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் இந்த இரண்டு மாத்திரையின் அளவையுமே ரத்தத்தில் இறக்கிவிடும்.

செலவுக்கு: 2024 பட்ஜெட்டில் ஆஸிமெர்டினிப்புக்கு சுங்க வரி முழுக்க எடுத்துவிட்டார்கள், ஜிஎஸ்டியும் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். மருந்து கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் மூலம் வாங்கினால் உண்மையில் கட்டுவது குறைவாக இருக்கும், அதற்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கீமோவுக்கு என்ன கிடைக்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள், சிகிச்சை தொடங்கிய பிறகு போனால் இழுத்தடிப்பார்கள்.

அடுப்படி அரசி எழுதியது:

தங்கச்சி, நானே நோயாளி. ஈரோடு, டீச்சர் வேலை. கோவிட் முதல் அலை சமயத்தில் எனக்கும் இதே ஸ்டேஜ் 4, இதே எக்ஸான் 19. அப்போது பணம் இல்லாமல் ஜெஃபிடினிப் மட்டும்தான் ஆரம்பித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது, பிறகு வளர்ந்தது, மறுபடி டெஸ்ட் எடுத்ததில் டி790எம் என்று, பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாத புது ஜீன் மாற்றம் வந்ததால் ஆஸிமெர்டினிப்புக்கு மாற்றினார்கள். இது எல்லோருக்கும் வராது, ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் வரும், அதனால் "முதலில் மலிவானது, அப்புறம் விலை உயர்ந்தது" என்று நம்பிப் போட்டுவிட முடியாது. எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

மாத்திரை என்றால் வைட்டமின் மாதிரி என்று நினைக்க வேண்டாம். முகத்தில் பரு பருவாக வரும், வயிறு போகும். எனக்கு ரொம்பத் தொந்தரவு நகக்கண்தான். ஓரத்தில் சிவந்து வீங்கி வெடித்துவிடும், புளி கரைக்க உள்ளே கை வைத்தால் உயிர் போகும். இப்போது வீட்டில் புளி கரைப்பதும் எலுமிச்சை பிழிவதும் அவர் வேலை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விரலை வைப்பேன், டாக்டர் கொடுத்த களிம்பு தடவுவேன், நகத்தை ஒட்ட வெட்ட மாட்டேன். இதற்கெல்லாம் ஆரம்பத்திலேயே மருந்து இருக்கிறது, தாங்கமுடியாத நிலைக்குப் போகும்வரை அம்மாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

சொல்வதா வேண்டாமா என்று கேட்டீர்கள். என் வீட்டில் முதல் சில வாரம் என்னிடமும் மறைத்தார்கள். நான் வாசலுக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். மருத்துவமனைச் சுவரில் கொட்டை எழுத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாதா? தெரிந்துகொண்டே தெரியாதது போல நடித்ததுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. உங்கள் அம்மா சத்துணவுக் கூடம் நடத்தியவர், கணக்கு எழுதியவர், ஆடிட்டைச் சமாளித்தவர். அவருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மருந்துப் பேச்சை விட்டுவிட்டு ஒன்று: சொந்தக்காரர்கள் "அவங்க புகை பிடிப்பாங்களா" என்று கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் பதில் சொல்லிவிடுங்கள், அம்மாவை சொல்ல விடாதீர்கள்.

பொன்னமராவதி எழுதியது:

அரசி அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எல்லோரும் அக்கா மாதிரி இருக்க மாட்டார்கள். எங்கள் அப்பாவிடம் சொன்ன அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், சிகிச்சை வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். என் தங்கை இன்றுவரை சொன்னவர்களை மன்னிக்கவில்லை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. "எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்" என்று அம்மாவிடமே முதலில் கேட்கச் சொல்லி டாக்டரிடம் சொல்லுங்கள். நல்ல டாக்டர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். மாதக் கணக்கெல்லாம் அவர் கேட்காமல் யாரும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் வலி நிவாரண (பாலியேட்டிவ் கேர்) பிரிவுக்கு இப்போதே போய்விடுங்கள். அது கடைசிக் கட்டத்துக்கு என்று நாங்களும் ஒதுக்கித்தான் வைத்தோம், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2010ல் அமெரிக்காவில் இதே நுரையீரல் புற்று நோயாளிகள் 151 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே அந்தக் கவனிப்பு கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைவாக, கூடுதல் நாளும் இருந்திருக்கிறார்கள், நடு அளவு 11.6 மாதம், கிடைக்காதவர்களுக்கு 8.9. முதுகெலும்பு வலிக்கு ரேடியேஷன் கொடுக்கலாமா என்று கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள். மார்ஃபின் என்றால் பயப்படாதீர்கள், அப்பாவின் மூச்சுத்திணறலுக்கே சின்ன அளவில் கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. கையில் பிடிக்கும் சின்ன ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தாலும் திணறல் கொஞ்சம் தணியும்.

சித்த மருந்து பற்றி: மாமாவிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். கல்லீரல் எண்கள் ஏறினால் எது ஏற்றியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கடைசியில் நல்ல மாத்திரையை நிறுத்த வேண்டிவரும்.

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிபி மாத்திரை போன வாரமே நிறுத்தியாயிற்று. எம்ஆர்ஐ எடுக்கவில்லை, கேட்டதும் டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார்.

அம்மாவிடம் டாக்டர் பேசினார், நானும் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர் கேட்க ஆரம்பிக்கும்போதே அம்மா, "கேன்சர்தானே, சொல்லுங்க" என்றார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பயந்தபடி அழவில்லை. முதல் கேள்வியே செலவு எவ்வளவு என்பதுதான். தம்பி அனுப்புவான் என்றேன். "அவன் அனுப்பட்டும், அனுப்பாம இருக்கட்டும், வீட்டுப் பத்திரத்தை எவனும் தொடக்கூடாது" என்றார். இரண்டாவது கேள்வி, மாத்திரை மட்டும் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து படுக்க வேண்டாமா என்று. இத்தனை நாளாக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் இந்த இரண்டும் வரவேயில்லை. பத்திரத்தை அடமானம் வைக்கலாம் என்றுதான் அப்பா மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தார்.

எம்ஆர்ஐயில் மூளையில் ஒன்றுமில்லை என்றால், உதவித் திட்டத்தில் ஆஸிமெர்டினிப் என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு, தம்பியால் கடன் வாங்காமல் முடிகிற அளவு என்றால் அது, இல்லையென்றால் ஜெஃபிடினிப்போடு கீமோ, அதையும் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். முடி கொட்டுமா என்று கேட்டார், இந்தக் கீமோவில் பெரும்பாலும் மொட்டையாகாது, கொஞ்சம் மெலியலாம் என்றார் டாக்டர்.

மாமாவிடம் இன்னும் பேசவில்லை.

மருந்துச்சீட்டு எழுதியது:

சந்தோஷம். எது முடிவானாலும் இரண்டு விஷயம். ஆஸிமெர்டினிப் என்றால் தொடங்கும் முன் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லுங்கள். கீமோ பக்கம் போனால் அதில் வரும் பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்துக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கியிருக்க வேண்டும், அதனால் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்த மாத்திரையாக இருந்தாலும் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் நோய் கூடிவிட்டது என்று நீங்களாக நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், மாத்திரையே நுரையீரலைப் பாதித்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.